செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லை என்றவுடன் ‘செல்ஃப் போய்விட்டது’ என்று முடிவுகட்டிவிடுவதுதான் இந்த வேலையில் நேரும் முதல் தவறு. பணம் அதிகம் கரைவதும் அதனால்தான். பழையதைக் கழற்றி, புதியதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டுப் பொருத்திய பிறகும் அதே ‘டக்’ ஒலி கேட்கும்போதுதான், பழுது மோட்டாரில் இல்லை என்பது பலருக்குத் தெரியவருகிறது.

ஆகவே ஸ்பேனருக்கு முன்பாக மல்டிமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்து நிற்கும் வண்டியில், முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கும் குறைந்திருந்தால் சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எதையும் சோதிப்பதில் பயனில்லை. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியையே. ‘டக்டக்டக்’ என்று விரைவான ஒலி தொடர்ந்தால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினலில் பூத்திருக்கும் உப்பு காரணம். ஹெட்லைட் மங்காமல் எரிய, ஒரே ஒரு கனத்த ‘டக்’ மட்டும் கேட்டால் சொலினாய்டின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச்) உள் தொடுமுனைகளோ, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. ஒலியே எழவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் மிதியில் உள்ள சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் நிலையை உணரும் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்காமல் மோட்டாரின் மேல் பழி போடக் கூடாது.

வயர்களைச் சோதிக்காமல் விடுவது இதைவிட நுட்பமான தவறு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றொன்றைச் சொலினாய்டில் தடித்த கேபிள் வந்து சேரும் திருகிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் மின்சாரம் வீணாகிறது என்று பொருள். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையிலோ அதன் இணைப்பிலோ குறை இருக்கிறது. சில நூறு ரூபாய் கேபிளோடு முடிய வேண்டிய வேலை, இந்தச் சோதனையைத் தவிர்ப்பதால் சில ஆயிரங்களுக்குப் போய்விடுகிறது.

மோட்டாரைச் சுத்தியலால் ஓங்கி அடிக்கும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெல்லத் தட்டும்போது ஓடினால் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறிதான். ஆனால் இன்றைய மோட்டார்கள் பலவற்றில் உள்ளே இருப்பவை பீங்கான் போல எளிதில் உடையும் நிலைக்காந்தங்கள். ஓங்கி விழும் ஓர் அடியில் அவை விரிசல் விட்டுவிடும்.

மோட்டாரில்தான் பழுது என்று உறுதியான பின், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்ற வேண்டும். சொலினாய்டுக்கு வரும் தடித்த கேபிள் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து வருகிறது. இணைப்பைத் துண்டிக்காமல் அந்த நட்டில் வைக்கும் ஸ்பேனரின் மறுமுனை எஞ்சினைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கையில் மோதிரம் இருந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. சொலினாய்டு திருகுகளை ஸ்குரூ டிரைவரால் இணைத்துப் பார்க்கும் குறுக்குவழியும் இதே வகையைச் சேர்ந்தது. வண்டி கியரில் இருந்தால் அது முன்னால் நிற்பவர்மீதே ஏறிவிடும்.

கீழிருந்து கழற்ற வேண்டிய வண்டியானால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதும், செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுப்பதும் கூடவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்டு இல்லையென்றால் வேலையைத் தொடங்க வேண்டாம். மோட்டார் பார்ப்பதற்குச் சிறிதாக இருந்தாலும் மூன்று, நான்கு கிலோ எடை இருக்கும். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கை அதைத் தாங்கியிருக்க வேண்டும், இல்லையேல் முகத்தில் விழும். எல்லா வண்டிகளும் வீட்டு வேலைக்கு இணங்குபவையும் அல்ல. லெக்ஸஸ் எல்எஸ் 400 காரின் வி8 எஞ்சினில் செல்ஃப் மோட்டார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) அடியில் ஒளிந்திருக்கிறது; அத்தகைய வண்டியைப் பட்டறையிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

கடைக்காரர் ‘இது உட்காரும்’ என்று சொல்வதை நம்பிப் பொருத்தத் தொடங்காமல், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பினியனின் (மோட்டாரின் முனையில் உள்ள சிறு பல்சக்கரம்) பற்களை எண்ணுங்கள். போல்ட் துளைகள், பினியன் இருக்கும் மூக்குப் பகுதியின் நீளம், வயர் சொருகும் இடம் ஆகியவை ஒத்திருக்க வேண்டும். சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் வகை வண்டிக்கு, அதற்கெனச் செய்யப்பட்ட வலுவான மோட்டாரையே வாங்க வேண்டும்.

மோட்டார் கழன்றிருக்கும் நேரத்தில் அந்தத் துளை வழியே பிளைவீலின் ரிங் கியரை (பினியன் கடித்துச் சுழற்றும் பெரிய பல்வளையம்) பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு. கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெல்லச் சுழற்றினால் பற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது ஏறக்குறைய ஒரே சில நிலைகளில்தான் வந்து நிற்கும். ஆகவே தேய்மானமும் அந்த இடங்களிலேயே குவிந்திருக்கும். மழுங்கிய பற்களோடு புதிய பினியன் சில மாதங்களே தாக்குப்பிடிக்கும்.

பொருத்தும்போது அதிகம் மறக்கப்படுவது, மோட்டார் வந்து அமரும் உலோகப் பரப்பு. மோட்டாருக்கு எர்த் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பரப்பு வழியாகத்தான் என்பதால், துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் போக்க வேண்டும். சொலினாய்டின் திருகோ செம்பால் ஆனது. வலுவைக் காட்டி நட்டை இறுக்கினால் திருகே சுழன்று உள் இணைப்பு அறும், அல்லது மூடியில் வெடிப்பு விழும். மேலும் கீழும் வரும் போல்ட்கள் வெவ்வேறு நீளமாக இருந்தால், கழற்றும்போதே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

நெகட்டிவ் கேபிளைக் கடைசியாக இணைத்த பின், செல்ஃபை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ‘கர்ர்’ என்ற உராய்வு ஒலி தொடர்ந்தால் பினியன் ரிங் கியரிலிருந்து விலகவில்லை. எஞ்சினை உடனே அணைத்துவிட்டு, மோட்டார் நேராக அமர்ந்திருக்கிறதா என்று மீண்டும் கழற்றிப் பார்க்க வேண்டும்.