லினக்ஸ் மின்ட்டில் வைஃபை வரவில்லையா? அந்த நீலத்திரையைத் தவறவிடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அப்பச்சி (என் அப்பா) பங்காளிகளின் படைப்புக் கணக்கை, அதாவது முன்னோர் படையலுக்கான வரவு செலவை, எழுதிவரும் பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். ஒலி, திரை, தொடுபலகை அனைத்தும் உடனே இயங்கின. வைஃபை மட்டும் வரவேயில்லை. அதைச் சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன். பென்டிரைவ் தயாரிப்பதும் நிறுவுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ செயலியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியைத் திறந்து, நெட்வொர்க் என்ற தலைப்பைப் பாருங்கள். வைஃபை சிப்பின் பெயர் இருந்து, டிரைவர் என்பதற்கு எதிரே ‘என்/ஏ’ என்றிருந்தால், சிப் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) லினக்ஸ் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியில், இல்லை என்றே பொருள். சிப்பின் பெயரே இல்லையென்றால் பயாஸ் அமைப்பில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பு) அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, டிரைவரை இறக்கவே இணையம் வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் ‘யுஎஸ்பி டெதரிங்’ வசதியை இயக்குங்கள். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் சிக்னல் எட்டாது என்பதால், மடிக்கணினியை முகப்புத் திண்ணைக்கு எடுத்துவந்து இதைச் செய்தேன்.

இணைப்பு கிடைத்ததும் ‘டிரைவர் மேனேஜர்’ செயலியைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட டிரைவரைத் தேர்ந்து நிறுவுங்கள். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைக் கணினி தொடங்கும்போதே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், இடையே ஒரு புதிய கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். எட்டு எழுத்துக்குக் குறையாத ஒன்றைக் கொடுத்து, தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்று மாலைகளைத் தொலைத்தது இதற்கு அடுத்த படியில்தான். இந்த டிரைவர் நம் கணினியிலேயே தொகுக்கப்பட்டு, நம் கணினியிலேயே உருவான சாவியால் கையொப்பமிடப்படுகிறது. அந்தச் சாவியை நாம் நேரில் பதிவு செய்யும்வரை, செக்யூர் பூட் இயங்கும்போது கெர்னல் அந்த டிரைவரை ஏற்காது. ஆகவே கணினியை மறுபடி தொடக்கியதும் ஒரு நீலத்திரை தோன்றி, ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடிகள் மட்டுமே காத்திருக்கும். நான் அந்த நேரத்தில் காபி எடுக்கப் போயிருந்தேன். திரும்பியபோது வழக்கமான முகப்புத்திரை வந்திருந்தது, வைஃபை வரவில்லை. திரையை விட்டு நகராமல் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் எம்ஓகே’ (சாவியைப் பதிவு செய்), ‘கன்டினியூ’, ‘யெஸ்’ என்று வரிசையாகத் தேர்ந்து, குறித்துவைத்த கடவுச்சொல்லைத் தட்டுங்கள். தட்டும் எழுத்துகள் திரையில் தெரியாது. அதற்காகத் தயங்க வேண்டாம். பிறகு ‘ரீபூட்’ கொடுத்தால் வைஃபை வந்துவிடும். தவறவிட்டவர்கள் ‘எம்ஓகேயூட்டில்’ கட்டளையின் ‘இம்போர்ட்’ வாய்ப்பால் அதே சாவிக் கோப்பை மறுபடி பதிவுக்கு அனுப்பலாம்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம் என்பார்கள். பாதுகாப்புக்காக வைத்த பூட்டை ஒரு டிரைவருக்காகக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த டிரைவரும் ஒத்துவராத சிப் என்றால், ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யுஎஸ்பி வைஃபை குச்சியை வாங்குங்கள். அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே என்றாலும், நம் வீடுகளின் தடித்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுவே நன்றாகக் கடக்கிறது.

பின்சேர்க்கை: தேவகோட்டை வாசகர் ஒருவருக்கு டெதரிங் வசதியே மங்கலாகக் கிடந்தது. அவர் பயன்படுத்தியது மின்னேற்றத்துக்கு மட்டுமான கேபிள். தரவும் கடத்தும் கேபிளை மாற்றியதும் இணைப்பு கிடைத்தது.