பிளஸ் ஒன் வேதியியலை எங்கிருந்து தொடங்குவது? மஞ்சள் தாள், பத்தின் அடுக்கு, ஆய்வகப் பாதுகாப்பு

கோபிச்செட்டிபாளையத்தில் மாலை நேரத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட மோல் (அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு) கணக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். மோல் புரியாமல் நிற்பவர்கள் குறைவு. அதற்குள் இருக்கும் 10²³, 10⁻⁷ போன்ற எண்கள்தான் பிடிபடுவதில்லை. அதே பிள்ளைகள் ஆய்வகத்துக்குப் போனால் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) அமிலத்துக்கும் 10 மோலார் அமிலத்துக்கும் உள்ள தூரம் தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி கையாளுகிறார்கள். அடுக்குக் கணக்கும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டையும் சேர்த்துச் சொல்லித் தர ஆரம்பித்த பிறகு பிள்ளைகளிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தனிமம், சேர்மம், கலவை, அணு, மூலக்கூறு எல்லாம் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அதற்குள் போகவில்லை.

படி 1: மஞ்சள் தாள் செய்யுங்கள்

முதல் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் நீர் சிவப்பது இதனால்தான். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். நம் ஊரில் நல்ல விரலி மஞ்சள் தாராளமாகக் கிடைக்கிறது. அதை இடித்து எடுத்த தூளைத்தான் நான் பரிந்துரைப்பேன், பொட்டலத் தூளை விட நிறம் தெளிவாக வரும்.

அரை ஸ்பூன் தூளை நாலைந்து ஸ்பூன் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கிச் சற்று நேரம் விடுங்கள். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால்தான் ஸ்பிரிட். தெளிந்ததை வடிகட்டி, வெள்ளை வடிதாளையோ காபி வடிகட்டும் தாளையோ நனைத்து நிழலில் காய வையுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் சமையலறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. சாமி விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

காய்ந்த தாளை நறுக்கி எலுமிச்சைச் சாறு, தண்ணீர், சோப்புக் கட்டி கரைத்த நீர், சலவைச் சோடாக் கரைசல் என்று ஒவ்வொன்றிலும் நனைத்துப் பாருங்கள். சிவந்த தாளின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும்.

சுண்ணாம்பை மட்டும் சிறுவர்கள் கையில் கொடுக்காதீர்கள். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும், கழுவியதும் நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

சேர்ப்பு: சமையல் சோடாவில் தாள் சிவக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது பலவீனமான காரம், கரைசலின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 என்றால் நடுநிலை) 8.3 அளவுதான் இருக்கும். அந்த இடத்தில் மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும், ஆனால் முழுதாகச் சிவக்காது. சலவைச் சோடா பயன்படுத்துங்கள். ஷாம்பு, கை கழுவும் திரவம் இவற்றில் பல நடுநிலைக்கு அருகில் தயாரிக்கப்படுபவை, அவற்றில் நிறம் மாறாவிட்டால் உங்கள் தாளில் குறையில்லை.

படி 2: லட்சம், கோடியிலிருந்து அடுக்குக்கு வாருங்கள்

ஆயிரம் என்பது 10³, லட்சம் 10⁵, கோடி 10⁷. எத்தனை பூஜ்ஜியமோ அத்தனை அடுக்கு. இது எல்லோருக்கும் உடனே வந்துவிடும். அறிவியல் குறியீடு என்றால் எண்ணை ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு எண்ணாக வைத்து, மீதியைப் பத்தின் அடுக்கில் எழுதுவது. 45,000 என்பது 4.5 × 10⁴. இதற்கு மேல் நேர் அடுக்கில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

படி 3: எதிர் அடுக்கு. இங்கே நிதானமாக நில்லுங்கள்

பிள்ளைகள் இடறுவதெல்லாம் இங்கேதான். "ஏனுங்க சார், மைனஸ் போட்டா நம்பரே மைனஸ் ஆயிருமுங்களா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். ஆகாது கண்ணு. பைசா என்பது ரூபாயில் 10⁻². கடன் இல்லை, சிறிய காசு. மில்லிகிராம் என்பது கிராமில் 10⁻³. அடுக்கில் உள்ள கழித்தல் குறி எண்ணைச் சிறிதாக்குகிறது, பூஜ்ஜியத்துக்குக் கீழே தள்ளுவதில்லை.

அடுத்து, எது பெரியது என்ற கேள்வி. 10⁻² பெரியதா, 10⁻⁷ பெரியதா என்றால் பாதி வகுப்பு 10⁻⁷ என்று சொல்லும், ஏழு பெரிய எண்ணாகத் தெரிவதால். இரண்டையும் நீட்டி எழுத வையுங்கள்: 0.01, 0.0000001. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். குறைந்தது ஒரு வாரத்துக்காவது நீட்டி எழுதாமல் ஒப்பிடக் கூடாது என்பது என் வகுப்பின் கண்டிப்பான விதி.

புள்ளியை நகர்த்தும்போது "இடப்பக்கம் போனால் கூட்டல், வலப்பக்கம் போனால் கழித்தல்" என்று மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பிடிக்காது. தேர்வு அவசரத்தில் இடமும் வலமும் குழம்பிவிடும். அதற்குப் பதில் ஒரே கேள்வி கேளுங்கள்: கொடுத்த எண் ஒன்றை விடச் சிறியதா? சிறியது என்றால் அடுக்கு எதிர். 0.00045 ஒன்றை விடச் சிறியது. 4.5 ஆவதற்குப் புள்ளி நான்கு இடம் தாண்ட வேண்டும். ஆக 4.5 × 10⁻⁴. இந்தக் கேள்வி எந்தக் கணக்கிலும் கைவிடாது.

இப்போது மஞ்சள் தாளில் பார்த்த எலுமிச்சைக்கு வாருங்கள். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் ஏறத்தாழ 2, அதாவது ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு 10⁻² மோல். 25 டிகிரி செல்சியசில் தூய நீரில் அது 10⁻⁷ மோல். எத்தனை மடங்கு வித்தியாசம்? வகுக்கும்போது அடுக்குகளைக் கழிக்க வேண்டும்: −2 − (−7) = −2 + 7 = 5. பத்தின் ஐந்தாம் அடுக்கு, ஒரு லட்சம் மடங்கு. பிஎச் அளவில் ஐந்து படி இறங்கினோம், செறிவு லட்சம் மடங்கு ஏறியது. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை இந்த இடத்தில் பிள்ளைகள் மனதில் பதிய வைத்துவிட்டால், ஆய்வகப் பாதுகாப்பைத் தனியாக மிரட்டிச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 4: பவானிசாகரில் 18 மில்லி

பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. நாளிதழில் தினமும் பார்க்கிறோம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது 10⁹. ஒரு கன அடியில் 28.3 லிட்டர். பெருக்கிப் பாருங்கள்:

3.28 × 10¹ × 10⁹ × 2.83 × 10¹ = 9.28 × 10¹¹ லிட்டர்.

இன்னொரு பக்கம், நீரின் மூலக்கூறு நிறை 18. ஆகவே 18 கிராம் நீர், அதாவது 18 மில்லி, ஒரு மோல். அதில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். (மோல் என்பதற்கு 2019 மே 20 முதல் இந்த அவகாட்ரோ எண்தான் வரையறை. முழு மதிப்பு 6.02214076 × 10²³. முன்பு 12 கிராம் கார்பன்-12ஐ வைத்து வரையறுத்திருந்தார்கள்.)

அந்த 18 மில்லியின் மூலக்கூறுகளை மட்டும் அடையாளம் வைத்து, நிறைந்த அணையில் ஊற்றிச் சீராகக் கலந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்காவது ஒரு லிட்டர் மொண்டால் அதில் நம் மூலக்கூறுகள் எத்தனை இருக்கும்?

6.022 × 10²³ ÷ 9.28 × 10¹¹ = 0.649 × 10¹²

இங்கே நிறுத்திவிடக் கூடாது. 0.649 ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவில் இல்லை. முன்னால் உள்ள எண்ணைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் அடுக்கில் ஒன்று குறைய வேண்டும்: 6.49 × 10¹¹. ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் இறக்க வேண்டும், இரண்டையும் ஏற்றிவிட்டால் விடை நூறு மடங்கு தப்பாகும். விடை 64,900 கோடி மூலக்கூறுகள், ஒரே ஒரு லிட்டரில். இந்த எண் வந்ததும் வகுப்பு ஒரு நிமிடம் பேசாது. மூலக்கூறு எவ்வளவு சிறியது என்று எத்தனை பக்கம் வாசித்தாலும் இந்த அளவுக்கு மனதில் ஏறாது.

கொள்ளளவு 32.8 என்று மூன்று முக்கிய எண்ணுருக்களில் கொடுத்திருப்பதால் விடையும் மூன்றோடு நிற்கிறது. கால்குலேட்டர் காட்டும் பத்து இலக்கத்தையும் எழுத வேண்டாம்.

கூட்டலுக்கு ஒரு வரி போதும்: அடுக்குகளைச் சமமாக்கிவிட்டுக் கூட்டுங்கள். 3.2 × 10⁴ + 5 × 10³ என்பது 3.2 × 10⁴ + 0.5 × 10⁴, அதாவது 3.7 × 10⁴.

படி 5: இனி ஆய்வகம்

அடர் கந்தக அமிலம் ஏறத்தாழ 18 மோலார். தரம் பார்க்கும்போது (டைட்ரேஷனில்) பயன்படுத்தும் கரைசல் பெரும்பாலும் 0.1 மோலார். 1.8 × 10¹ ÷ 10⁻¹ என்றால் 180 மடங்கு. நீர்த்த கரைசல் தண்ணீர் போலவே இருக்கும், அடர் அமிலமும் பார்வைக்கு நிறமற்ற திரவம்தான். வேறுபாட்டைச் சொல்வது புட்டியில் ஒட்டிய சீட்டும், அதில் எழுதிய எண்ணும் மட்டும். அந்தச் சீட்டைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். சீட்டு கிழிந்த புட்டியைத் தொடாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

நீர்த்தல் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. காரணம் தெரிந்தால் மறக்காது. அடர் கந்தக அமிலம் தண்ணீரை விட 1.84 மடங்கு அடர்த்தி. மேலே ஊற்றிய தண்ணீர் உடனே கலக்காமல் மேலேயே நிற்கும். கலக்கும் இடத்தில் பிறக்கும் வெப்பத்தில் அது கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். தண்ணீர் நிறைய இருந்து அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், அந்த வெப்பத்தை நீர் தாங்கிக்கொள்ளும். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

உடை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மேலங்கி பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பருத்தித் துணிக்குப் பஞ்சம் சொல்ல முடியாது. துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொள்ளுங்கள், சடையை மேலே கட்டுங்கள், செருப்புக்குப் பதில் மூடிய ஷூ. பக்கவாட்டிலும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும், பவர் கண்ணாடி அந்த வேலையைச் செய்யாது. கண்ணாடிக் கலங்களில் சூடு தாங்கும் போரோசிலிகேட் வகையை மட்டும் வாங்குங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ரப்பர் குமிழ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

அமிலம் தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நிறையக் கழுவுங்கள், நனைந்த துணியைக் கழற்றுங்கள். அதன் மேல் காரத்தை ஊற்றி நடுநிலையாக்க நினைக்காதீர்கள், அந்த வினையின் வெப்பமும் சேர்ந்து சுடும். சூடு பட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதையும் தடவ வேண்டாம்.

வீட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சோதனை முடிந்த கழிவை ஆசிரியர் காட்டும் கலத்தில் மட்டும் ஊற்றுங்கள். கரைத்து ஊற்றியது எங்கும் போய்விடாது என்பதற்கு நொய்யல் நமக்கு முன்னால் ஓடுகிறது. சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி வயல்களைக் கெடுத்தது, 2011இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போனது.

சேர்ப்பு: போர்வெல் தண்ணீரில் சோதனைகள் சரியாக வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். கரைந்த உப்புகள் அதில் அதிகம். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் காய்ச்சி வடித்த அல்லது உப்பு நீக்கிய நீர், அதை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பேட்டரி அமிலமும் அதே போன்ற பிளாஸ்டிக் கேனில்தான் வரும், அது கந்தக அமிலம். வாங்கும்போதே சீட்டை வாசியுங்கள். பிள்ளைகளை அனுப்பாமல் பெரியவர்கள் போய் வாங்குவது நல்லது.

இன்னொரு சேர்ப்பு: கால்குலேட்டரில் விடை பத்து மடங்கு கூடுதலாக வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எக்ஸ்ப் (EXP) பொத்தானுக்குள்ளேயே "பெருக்கல் பத்தின் அடுக்கு" அடங்கியிருக்கிறது. 5 × 10³ என்பதற்கு 5, எக்ஸ்ப், 3 என்று மட்டும் அழுத்துங்கள். நடுவில் பெருக்கல் குறியும் 10ம் போட்டால் 50,000 வரும். தேர்வில் எப்படியும் மடக்கை (லாக்) அட்டவணைதான், அதனால் கணக்கை முதலில் கையால் போட்டுவிட்டு, சரிபார்க்க மட்டும் கால்குலேட்டரை எடுங்கள்.