டிரெய்லர் விளக்குக் கோளாறு: முதலில் வெள்ளை ஒயரைப் பாருங்கள்

பிகப் டிரக்கில் டிரெய்லரை மாட்டி இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்குகிறதா? பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு அணைகிறதா? பல்பு வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அது எர்த் கோளாறுதான், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில் உள்ள கோளாறு.

அமெரிக்காவில் சிறு டிரெய்லர்களுக்கு நான்கு பின் கொண்ட தட்டைக் கனெக்டர் வரும். வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலதுக்கு அதே. 1157 என்ற இரட்டை இழைப் பல்பில் பிரேக் இழை 2.1 ஆம்பியர் இழுக்கும், பின்விளக்கு இழை 0.59. இரண்டு பல்புக்கும் சேர்த்து 5 ஆம்பியருக்கு மேல் அந்த ஒரே வெள்ளை ஒயரில் திரும்ப வேண்டும். அங்கே துரு அடைத்தால் மின்சாரம் பல்புக்குள் இருக்கும் அடுத்த இழையில் புகுந்து, பழுப்பு ஒயர் வழியே எதிர்ப்பக்க விளக்குக்குப் போய்விடும்.

டிரக்கையும் டிரெய்லரையும் பிரித்துச் சோதியுங்கள். டிரக் பக்கக் கனெக்டரில் வெளியே நீட்டியிருக்கும் பின்தான் எர்த். டெஸ்ட் லாம்ப் கிளிப்பை அதில் மாட்டி மற்ற மூன்றையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் செத்திருந்தால் டிரெய்லருக்கான ஃபியூஸைப் பாருங்கள்; பல டிரக்குகளில் அது தனியாக இருக்கும். பின்னால் இண்டிகேட்டர் தனி மஞ்சள் விளக்காக உள்ள வண்டியில், இண்டிகேட்டரையும் பிரேக்கையும் ஒரே ஒயரில் சேர்த்துத் தரும் கன்வெர்ட்டர் பெட்டி இருக்கும், அதுவும் கருகியிருக்கலாம். டிரெய்லரைச் சோதிக்கத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும்: நெகட்டிவை வெள்ளையில் வைத்து, பாசிட்டிவால் ஒவ்வொரு நிறமாகத் தொடுங்கள்.

விளக்கு எரியாதபோது மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். ஒற்றைக் கம்பி இழையில் தொங்கும் ஒயரும் 12 வோல்ட் காட்டும். டிரெய்லரை மாட்டி, விளக்கை எரியவிட்டு, டிரக் பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பு ஹோல்டரின் உலோகக் கூட்டுக்கும் இடையே அளவிடுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

வெள்ளை ஒயர் சட்டத்தில் பிடித்திருக்கும் இடத்தைக் கழற்றி, பெயின்ட் போய் உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். புது வளைய டெர்மினலும் பல் வாஷரும் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கொக்கியின் குண்டு வழியாக எர்த் கிடைக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அங்கே துருவும் கிரீஸும்தான் இருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை ஒயர் இழுப்பதே நல்லது. கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் சுரண்டிப் பாடுபடாமல் கனெக்டரையே மாற்றுங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், அதன் இடத்தில் ஒரு 1157 பல்பை இணைத்துவிட்டு ஒயரை நெடுக அசைத்துப் பாருங்கள். எங்கே அசைக்கும்போது பல்பின் வெளிச்சம் மாறுகிறதோ அங்கேதான் ஒயர் சட்டத்தில் உரசித் தோல் உரிந்திருக்கும்.

படகு டிரெய்லர் என்றால் தண்ணீரில் இறக்கும் முன் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். சூடான பல்பு குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கலாம்.