பாலத்தைக் கடக்கும் முன்: பி-2 விசாவில் அமெரிக்காவிலிருந்து கனடா போய்த் திரும்புவது

பிள்ளைகளைப் பார்க்க பி-2 என்ற பார்வையாளர் விசாவில் அமெரிக்கா வரும் பெற்றோர் பலருக்கு, நயாகராவை அக்கரையிலிருந்தும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும். ரெயின்போ பாலத்தை நடந்தே கடந்து கனடாவுக்குள் போய்விடலாம். திரும்பி வரும்போது அது அமெரிக்காவுக்குள் புதிதாக நுழைவதாகவே கருதப்படும் என்பதால், கிளம்பும் முன்பே தாள்களைச் சரிபார்ப்பது அவசியம்.

முதலில் பார்க்க வேண்டியது விசாவில் அச்சான தேதியை அல்ல, ஐ-94 பதிவில் உள்ள தேதியை; அமெரிக்காவுக்குள் நுழைந்ததையும், எதுவரை தங்கலாம் என்பதையும் காட்டும் பதிவு அது. பத்தாண்டு விசா, வாசலில் நின்று அனுமதி கேட்க மட்டுமே உதவும். எத்தனை நாள் தங்கலாம் என்பதை எல்லை அதிகாரிதான் முடிவு செய்கிறார், பெரும்பாலும் 6 மாதம் கிடைக்கும். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் இந்தப் பதிவை எடுத்து, அச்சிட்டு, பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்களின் விசாவில், சொந்தப் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்திலும், முதற்பெயருக்கான இடத்தில் 'எஃப்என்யூ' (FNU, அதாவது முதற்பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்தும் இருக்கும். தேடும்போதும் அப்படியே கொடுத்துப் பாருங்கள்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். கையில் அமெரிக்க விசா இருப்பது போதாது. அதை ஊரிலிருந்தே வாங்கி வருவது நல்லது, ஏனெனில் விசா ஒட்டுவதற்குப் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டு, இங்கே அது இல்லாமல் காத்திருப்பது பெரிய தவிப்பு.

கனடாவிலோ மெக்சிகோவிலோ 30 நாளுக்குள் இருந்துவிட்டுத் திரும்பினால், பழைய ஐ-94 தேதியே தொடரலாம். எல்லையைத் தொட்டுவிட்டு வந்தால் மறுபடியும் ஆறு மாதம் கிடைக்கும் என்று சொல்வோர் உண்டு. அதிகாரி மனம்வைத்தால் புதிய தேதி தரலாமே தவிர, அதை நம்பி விமான டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். விசா காலாவதியாகியிருந்தாலும், ஐ-94 தேதி மீதமிருந்து 30 நாளுக்குள் திரும்பினால் நுழைய விதி இடம் தருகிறது. ஆனால் கனடாவில் இருக்கும்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்திருந்தால் இந்தச் சலுகை பொருந்தாது. தங்கும் காலத்தை நீட்டிக்க ஐ-539 படிவம் அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள், வழக்கறிஞரைக் கேட்காமல் எல்லையைக் கடக்க வேண்டாம்.

திரும்பும்போது எங்கே போனீர்கள், எப்போது ஊருக்குப் போகிறீர்கள், இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டைக் கையில் எடுத்து வையுங்கள். "பேத்தியைப் பார்த்துக்க வந்தேன்" என்று நாம் பாசத்தோடு சொல்வது, ஆங்கிலத்தில் குழந்தை பராமரிக்கும் வேலைக்கு வந்ததாக ஒலித்துவிடும். பார்வையாளர் விசாவில் வேலை செய்யக் கூடாது. பேத்தியோடு சில மாதம் இருக்க வந்திருக்கிறீர்கள் என்றால், அந்த உண்மையை அப்படியே சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால், ஊகித்துப் பதில் சொல்லாமல் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஐ-94 பதிவை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். தேதியோ பெயரோ தவறாக இருந்தால், பதிவுத் திருத்தத்துக்கென அத்துறை நடத்தும் அலுவலகத்தைத் தாமதமின்றித் தொடர்புகொள்ளுங்கள்.