கட்டணம் கட்டும் முன் நூலகத்துக்கு ஒருமுறை வந்து போங்கள்

கிருஷ்ணகிரியில் மாங்காய் வரத்து தொடங்கியிருந்த நேரம். மாம்பழக்கூழ் ஆலைக் கழிவுநீரைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரு தாளோடு வந்தார். "சார், என் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் 3,500 ரூபாய் கட்ட வேண்டுமாம்." கட்டுரையை எப்போது அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "நேற்று ராத்திரி, சார்."

ஒரே ராத்திரியில் ஆய்வுக் கட்டுரையை யாரும் படித்து மதிப்பிட்டுவிட முடியாது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ் அது. அந்த இதழின் சென்ற மாத வெளியீட்டைத் திறந்து காட்டினேன். பல் மருத்துவம், கான்கிரீட் கலவை, திருக்குறளில் மேலாண்மை, எல்லாம் ஒரே அட்டைக்குள். "ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே, சார்" என்றார்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். இதழ்களை அடையாளம் காணத் தரப்படும் அந்த 8 இலக்க எண் வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. எந்த வண்டி என்று சொல்லும். ஓட்டுகிறவருக்கு ஓட்டத் தெரியுமா என்று சொல்லாது. 'இம்பாக்ட் ஃபேக்டர்', அதாவது இதழின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற அளவு, என்று அட்டையில் போட்டிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள். உண்மையானது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடுவது. அதே சாயலில் பெயர் வைத்து, பணத்துக்கு எண் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

'யுஜிசி கேர் பட்டியலில் உள்ளது' என்ற விளம்பரமும் இன்னும் சுற்றுகிறது. தரமான இதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த பட்டியல் அது. அதைக் கைவிடுவதாக யுஜிசி 2025 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது.

இப்படி ஏமாறுபவர்கள் இழக்கும் பணத்தைவிட இழக்கும் கட்டுரைதான் என்னை வருத்துகிறது. ஒருமுறை அச்சேறிவிட்டால் நல்ல இதழ் எதுவும் அதைத் தொடாது. திரும்பக் கேட்டால் அதற்கும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். இரண்டு கோடைகள் வாய்க்கால் வாய்க்காலாகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சேர்த்த தரவு அங்கேயே புதைந்துவிடும்.

இவ்வளவு அவசரம் எதற்கு? கட்டுரை வெளியாகாமல் பிஎச்டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 2022 யுஜிசி விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தனக்கென்று விதி வைத்திருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு ஓடுங்கள்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்குப் பயந்து மென்பொருளிடம் வாக்கியத்தை மாற்றச் சொல்வது இன்னொரு வம்பு. 'ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்பீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகி அச்சிலேயே வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் மேற்கோள் பட்டியலையும் சரிபார்க்காமல் சேர்க்காதீர்கள். தொகுதி எண், பக்க எண் எல்லாம் குறித்துக்கொண்டு ஒரு மாணவர் வந்தார். தேடிப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் வேறு யாருடைய கட்டுரையோ இருந்தது.

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 13,000 ஆய்விதழ்கள் வரை படிக்கக் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரிக்கு அது வந்துவிட்டதா என்று நூலகரைக் கேளுங்கள். திட்டத்தின் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளைச் சேர்க்கவில்லை. அங்கே படிப்பவர்கள் டிஓஏஜே தளத்தில் தேடலாம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களின் பட்டியல் அது. சரிபார்த்தே அதில் சேர்க்கிறார்கள்.

அந்த மாணவி பணம் கட்டவில்லை. வேறொரு இதழுக்கு அனுப்பினார். நான்கு மாதம் கழித்து மதிப்பீட்டாளர்கள் இருவரின் கேள்விகள் மூன்று பக்கத்துக்கு வந்தன. நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். கடைசிக் கேள்விக்கு மட்டும் இன்னொரு முறை தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும் என்றார்.