கேம்பிங்ல ரக்கூன் கையில சிக்காம சாப்பாட்டைக் காப்பாத்துறது எப்படி

கனடாவுல ஒன்டாரியோ பக்கம் முதல் தடவை கேம்பிங் போறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி, கரடி வருமாங்கறது தான். அல்கான்குவின் பார்க் மாதிரி இடத்துல கரடி இருக்கு, அதுக்கும் ஜாக்கிரதையா இருக்கணும். ஆனா கார் நிறுத்தி டென்ட் போடுற சாதாரண கேம்ப்கிரவுண்ட்ல நம்ம சாப்பாட்டு மேல கை வைக்கிறது பெரும்பாலும் ரக்கூன் தான். நம்ம ஊர்ல இந்த மிருகம் கிடையாது, அதனால குண்டுப் பூனை சைஸ்ல இருக்கறது என்ன பெருசா பண்ணிடப் போகுதுன்னு அசால்ட்டா இருந்துடுறோம்.

பைனரி பார்க்ல ஒரு ஜூலை மாசம், ரெண்டு குடும்பமா போயிருந்தோம். மறுநாளைக்கு கிரில் பண்ண மசாலா தடவுன சிக்கன், ரெண்டு டஜன் முட்டை, தயிர் எல்லாம் கூலர்ல, அதாவது ஐஸ் பெட்டில போட்டு கிளிப் மாட்டி பிக்னிக் டேபிள் பெஞ்ச் மேல வெச்சுட்டு, பத்தடி தள்ளி நெருப்பு பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருந்தோம். டக்குனு ஒரு சத்தம். டார்ச் அடிச்சா, ஒரு ரக்கூன் கூலர் மூடிய தலையால முட்டித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கையையும் உள்ள விட்டு துழாவிட்டு இருக்கு, கண்ணு மட்டும் எங்களயே பாக்குது. கை என்ன பண்ணுதுன்னு அது பாக்கவே இல்ல. பாக்க வேண்டிய அவசியமும் இல்ல, ஏன்னா அதோட முன்னங்கைல அஞ்சு விரல், தொட்டே என்ன பொருள்னு கண்டுபிடிக்கிற அளவுக்கு உணர்ச்சி உள்ள கை அது. ஜாடி மூடி திருகும், ஜிப் இழுக்கும், கிளிப் எடுக்கும். டொரொன்டோல 2016ல சாப்பாட்டுக் கழிவு போடுற பச்சை குப்பைத் தொட்டிய புதுசா பூட்டு வெச்சு மாத்தினதே இதுங்களுக்காகத் தான், அப்படி இருக்க ஒரு பிளாஸ்டிக் கிளிப் எம்மாத்திரம்.

அன்னிக்கு நான் கத்துக்கிட்ட விஷயம், சாப்பிட்டு முடிச்ச உடனே வர்ற அந்த அரை மணி நேரம் தான் முக்கியம். வயிறு நிறைஞ்சிருக்கும், இருட்டிட்டு வரும், பசங்க மார்ஷ்மெல்லோ கேப்பாங்க, காலைல கழுவிக்கலாம்னு தோணும். ரக்கூன் வேலைக்குக் கிளம்புற நேரமும் அதே தான். அதனால எங்க வீட்ல இப்ப ஒரே ரூல், பாத்திரம் கழுவி, டேபிள் துடைச்சு, குப்பை போட்டு, கூலர் கார்க்குள்ள போன பிறகு தான் நெருப்பு பக்கத்துல சேர் போடுறது. இதுக்கு ஏத்த மாதிரி சமையலையும் வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சிடுங்க.

எங்க வைக்கிறதுன்னா, கார் டிக்கி தான், கண்ணாடி எல்லாத்தையும் முழுசா ஏத்தி பூட்டி. காத்து வரட்டும்னு ரெண்டு விரல் கேப் விட்டாக்கூட போதும், அது கைய விடப் பாக்கும். பிக்கப் டிரக் பின்னாடி திறந்த இடத்துல வைக்காதீங்க, கொசுவலை போட்ட டைனிங் டென்ட்டும் ஆகாது, அந்த வலை அதுக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனா ஒண்ணு, கார்ல வைங்கன்னு நான் சொல்றது ஒன்டாரியோ பக்கத்துக்கு. கலிஃபோர்னியால யோசெமிட்டி மாதிரி இடத்துல ராத்திரி கார்ல சாப்பாடு வைக்கவே கூடாது, அங்க கரடி கதவையே பேத்துடும், அங்க இரும்பு லாக்கர் வெச்சிருப்பாங்க அதுல தான் வைக்கணும். எந்த பார்க் போறீங்களோ அங்க என்ன ரூல்னு உள்ள நுழையும்போதே கேட்டுக்கோங்க.

சாப்பாடுன்னா அரிசி பருப்பு மட்டும் இல்ல. வாசனை வர்ற எல்லாமே அதுக்கு சாப்பாடு தான். டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய் பாட்டில், சோப்பு, குழந்தையோட பால் பாட்டில், யூஸ் பண்ண டயபர், நாய்க்கு கொண்டு போன பிஸ்கட், எண்ணெய் பிசுக்கோட இருக்கற தோசைக்கல், அடுப்பு, எல்லாம் உள்ள போகணும். நம்ம சாப்பாடு வேற வாசனை தூக்கலா இருக்கும், நெய், பிரியாணி, கருவாடு எல்லாம் ரொம்ப தூரத்துல இருந்தே இழுக்கும். முறுக்கு, மிக்சர் எல்லாம் கவர்ல கட்டாம திருகு மூடி போட்ட கெட்டி டப்பால போட்டு கார்ல வைங்க. டென்ட்டுக்குள்ள எதுவுமே வேணாம், தூங்கப் போறதுக்கு முன்னாடி பசங்க ஜாக்கெட் பாக்கெட்ட ஒரு தடவ தடவிப் பாருங்க, கண்டிப்பா ஒரு சாக்லேட் பேப்பராவது இருக்கும். அதுக்காக டென்ட்டோட நைலான் துணியக் கிழிச்சிட்டு உள்ள வந்தா, நீங்களும் குழந்தைங்களும் இருக்கற இடத்துல ஒரு காட்டு மிருகம் நிக்கும்.

அடுத்து பாத்திரம் கழுவுன தண்ணி. இத தான் நிறைய பேர் புதர்ல கொட்டிடுறாங்க. சோத்துப் பருக்கை, சாம்பார் எல்லாம் அங்கயே தங்கி, ராத்திரி பூரா ரக்கூன் அங்க தான் சுத்தும். ஒரு வடிகட்டி கொண்டு போங்க, வடிச்சு பருக்கைய குப்பைல போட்டுட்டு தண்ணிய பார்க்ல எங்க ஊத்தச் சொல்றாங்களோ அங்க ஊத்துங்க. மிச்சத்த நெருப்புல போட்டு எரிக்கலாம்னு நினைக்காதீங்க, எலும்பும் எண்ணெய் ஒட்டுன அலுமினிய ஃபாயிலும் முழுசா எரியாது, நெருப்பு ஆறினதும் அது சாம்பலக் கிளறி எடுத்துக்கும். குப்பைப் பைய மரத்துல மாட்டி வைக்கிறதும் வேணாம், நடந்து போய் பார்க்ல வெச்சிருக்கற மிருகம் திறக்க முடியாத தொட்டில போட்டுட்டு வந்துடுங்க.

கேனூல, அதாவது துடுப்புப் படகுல உள்காட்டுக்குப் போறவங்களுக்கு கார் கிடையாது. கயிறு கட்டி தொங்க விடுறதா இருந்தா தரைல இருந்து 4 மீட்டர் உயரம், மரத்துல இருந்து 2 மீட்டர் தள்ளின்னு சொல்வாங்க, அது கரடிக்கான கணக்கு. ரக்கூன் நல்லா மரம் ஏறும், பின்னங்கால திருப்பிக்கிட்டு தலைகீழாவும் இறங்கும், அதனால துணிப் பை மட்டும் நம்பாதீங்க. இரும்பு கிளாம்ப் போட்டு இறுக்குற நீலக் கலர் பேரல், இல்லன்னா கரடிக்குன்னே விக்கிற கெட்டி டப்பா, இது ரெண்டுல ஒண்ணு வாடகைக்காவது எடுத்துக்கோங்க.

ரக்கூன விரட்ட பாச்சா உருண்டை போடலாமான்னு கேப்பாங்க. போடவே போடாதீங்க, அது விஷம், குழந்தைங்க இருக்கற இடம், மண்ணுக்கும் கெடுதல். மிளகாப்பொடி ஒரு மழைக்குத் தாங்காது. லைட், ரேடியோ எல்லாம் மனுஷங்க நடுவுலயே வளர்ந்த ரக்கூனுக்குப் பழகிப்போன விஷயம். சாப்பாட்ட எடுத்து வைக்கிறத விட வேற குறுக்கு வழி எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

இவ்வளவும் பண்ணி அப்பவும் ஒண்ணு வந்துடுச்சுன்னா, எழுந்து நின்னு டார்ச் அடிச்சு பாத்திரத்தத் தட்டுங்க, அது போறதுக்கு வழிய விட்டுட்டு. மூலைல மடக்காதீங்க, கையில இருக்கறதப் பிடுங்கப் போகாதீங்க, போனது போகட்டும். ஜூலை ஆகஸ்ட்ல அம்மா பின்னாடி குட்டிங்க வரிசையா வரும், பாக்க அவ்வளவு அழகா இருக்கும், ஆனா அம்மா கூட இருக்கும்போது கிட்ட போகவே கூடாது. ஒன்டாரியோல ஹாமில்டன் பக்கம் 2015 கடைசில ரக்கூனுக்கு ரேபிஸ் (வெறிநாய்க்கடில வர்ற அதே நோய்) வந்து, அரசாங்கம் தடுப்பு மருந்து வெச்ச தீனிய காடு பூரா போட்டாங்க. கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு, காயம் சின்னதா இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க. ரக்கூனோட மலத்துல ஒரு வகை உருண்டைப்புழு முட்டை இருக்கலாம், அது மனுஷ மூளைக்கே போகக்கூடியது. ரக்கூன் ஒரே இடத்துல தான் திரும்பத் திரும்ப மலம் போகும், அதனால கேம்ப் சைட்டுக்குப் போனதும் மரத்தடி, விழுந்த கட்டை மேல எல்லாம் பாத்துட்டு அதுக்குத் தள்ளி டென்ட் போடுங்க, பசங்கள அங்க விளையாட விடாதீங்க.

பசங்க ஒரு பிஸ்கட் போடட்டுமான்னு கெஞ்சுவாங்க. வேணாம்னு சொல்லி காரணத்தையும் சொல்லுங்க. மனுஷன் கிட்ட பயம் போன ரக்கூன் தினம் டென்ட் டென்ட்டா வரும், அப்புறம் அதைப் பிடிப்பாங்க. ஒன்டாரியோ சட்டப்படி பிடிச்ச இடத்துல இருந்து 1 கிலோமீட்டருக்கு மேல கொண்டு போய் விடக்கூடாது, அப்ப அது திரும்ப அங்கயே தான் வரும், கடைசில அதைக் கொன்னுடுற நிலைமை கூட வரும். நம்ம போட்ட ஒரு பிஸ்கட்டுக்கு அந்த உயிர் போகணுமா?

கிளம்புற அன்னிக்கு காலைல, டென்ட் மடிச்ச பிறகு, டேபிளுக்கு அடியில குனிஞ்சு ஒரு தடவ பாருங்க. அங்க தான் பசங்க சிந்தின சோறும் சிப்ஸும் கிடக்கும். அன்னிக்கு சாயங்காலமே அந்த சைட்டுக்கு வேற ஒரு குடும்பம் கூலரோட வந்து இறங்குவாங்க.