வில்லனுக்கு ஒரு சோகக் கதை போதாது

நல்லவனா கெட்டவனா என்று சட்டெனச் சொல்லிவிட முடியாத பாத்திரம் ஒன்றைப் படைக்க வேண்டும் என்ற ஆசை, கதை எழுதுகிற யாருக்கும் வரும். பலர் வழுக்கி விழும் முதல் இடம் ஃபிளாஷ்பேக். சிறுவயதில் அடி, பசி, அவமானம் என்று நாலு பக்கம் எழுதிவிட்டு, அவன் செய்யும் கொலைக்குக் கணக்கு நேராகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவன் ஏன் அப்படி ஆனான் என்பது அதில் புரியும், அவ்வளவுதான். வேறு வழி இருந்தும், தவறென்று தெரிந்தும் அவன் இதையே தேர்ந்தெடுக்கும்போதுதான் வாசகருக்குச் சங்கடம் தொடங்குகிறது.

கம்பனின் கும்பகருணனைப் பாருங்கள். சீதையைச் சிறைவைத்தது தவறு என்று இராவணனின் முகத்துக்கு நேரே சொன்னவன் அவன். போர்க்களத்தில் வீடணனே வந்து, இராமன் பக்கம் வந்துவிடு என்று கெஞ்சுகிறான். கதவு திறந்தேதான் இருக்கிறது. நெடுநாள் வளர்த்து, போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று மறுத்துவிடுகிறான். அவன் செய்தது சரி என்று சொல்ல நம்மால் முடிவதில்லை, வெறுக்கவும் மனம் வருவதில்லை. இத்தனைக்கும் அவனுடைய குழந்தைப் பருவம் பற்றி நமக்கு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

கொலைகாரன் கையில் ஒரு நாய்க்குட்டியைக் கொடுப்பது இன்னொரு சுலபமான வழி. அதனால் பாத்திரம் சிக்கலானதாகிவிடாது, அது வெறும் ஒட்டுப்போட்ட வேலை.

என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விட மோசமான தவறு, பாதிக்கப்பட்டவரை முகமில்லாமல் விட்டுவிடுவது. அல்லது, 'அவரும் கெட்டவர்தானே' என்று ஆக்கிவிடுவது. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின், 1866-இல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலில் நாயகன் ரஸ்கோல்நிகோவ் கொல்லத் திட்டமிடுவது வட்டிக்காரக் கிழவியை மட்டும். அவளால் யாருக்கும் பயனில்லை, அவள் பணத்தால் பலருக்கு நன்மை என்று ஒரு வாதம் வைத்திருக்கிறான். கிழவியை அவன் கொன்ற அந்த நேரத்தில் தஸ்தயேவ்ஸ்கி லிசவெத்தாவை உள்ளே நுழைய வைக்கிறார். கிழவியின் தங்கை, அக்காவிடமே அடி வாங்கிக்கொண்டிருந்த அப்பாவி. அவளையும் அவன் வெட்டுகிறான். அவனுடைய வாதத்தில் அவளுக்கு இடமே கிடையாது. கிழவியோடு நிறுத்தியிருந்தால் நாமும் அவன் பக்கம் சாய்ந்திருப்போமோ என்னவோ.

அப்புறம், குழப்பத்தையே ஆழம் என்று எண்ணிக்கொள்வது. ஒரு அத்தியாயத்தில் கஞ்சன், அடுத்ததில் வள்ளல் என்றால், எழுதியவர் மறந்துவிட்டார் என்றுதான் வாசகர் நினைப்பார். இரண்டுக்கும் அடியில் ஒரே பயமோ ஒரே ஆசையோ ஓட வேண்டும். தன்னை யாரும் சிறியவனாகப் பார்த்துவிடக் கூடாது என்று அஞ்சுபவன் வீட்டில் கஞ்சனாகவும் ஊர் நடுவில் வள்ளலாகவும் இருப்பான்.

கடைசி அத்தியாயத்தில் எழுத்தாளரே வக்கீலாக மாறி, பாத்திரத்தை அழவைத்து மன்னிப்பு வாங்கித் தருவதும் உண்டு. அந்த மன்னிப்பு வசனத்தை மட்டும் நீக்கிவிட்டு அத்தியாயத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது இல்லாத குறையே தெரியாது.